மாதவனின் துயரம்: தாகூரின் ‘தபாற்கந்தோர்’ பற்றிய ஒரு நோக்கு

இரவீந்திரநாத தாகூர் 1911 இல் வங்காள மொழியில் இயற்றிய ‘டாக் கர்’ (தபாற்கந்தோர்) என்னும் நாடகத்தை, இறைவனை நாடும் ஆன்மாவின் உருவகமாகக் கொள்வோர் பலர். அக்கொள்கை தவறன்று. ஆயின், இறக்கும் குழந்தையின் அருகிருக்கும் தந்தையின் நிலையை அது மறைத்துவிடுகின்றது. ஆதலின், வளர்ப்புத் தந்தையாகிய மாதவனை முதன்மையாக வைத்து இந்நாடகத்தை ஈண்டு நோக்குவாம்.

முன்னர்ப் பொருளீட்டுதலை ஒரு வெறியாகவே கொண்டிருந்தவன் மாதவன். தாய்தந்தையரை இழந்த அமலைத் தத்தெடுத்த பின்னர், ஈட்டுவதெல்லாம் அவனுக்கே என எண்ணி மகிழ்கின்றான். சிறுவன் நோயுறவே, வைத்தியர் சொற்படி, காற்றும் வெயிலும் படாவண்ணம் அவனை அறையினுள் அடைத்து வைக்கின்றான். இது கொடுமையன்று, அச்சமுற்ற அன்பின் செயலேயாம். அமலோ சாளரத்தருகே அமர்ந்து, தயிர்க்காரன், காவலன், பூப்பறிக்கும் சிறுமி சுதா ஆகியோரோடு உரையாடி மகிழ்கின்றான். இறுதியில் வரும் அரச வைத்தியர் கதவுகளையும் சாளரங்களையும் திறக்கப் பணிக்கின்றார். காத்தற்கியலாத உயிரின் எஞ்சிய நாள்களையேனும் சிறையாக்குதல் கூடாதென்பது இதனாற் பெறப்படும்.

இக்கருத்து வெறும் ஏட்டறிவிற் பிறந்ததன்று. நோயுற்ற மகள் ரேணுகாவை மலைநகராகிய அல்மோராவுக்குக் கொண்டுசென்று பேணிய தாகூர், 1903 இல் அவளை இழந்தார். 1907 இல் இளைய மகன் சமீந்திரனும் மறைந்தான். போலந்தின் வார்சோ நகரில், ஜேர்மனியப் படையினர் யூதரை அடைத்து வைத்திருந்த பகுதியிலே, யானுஸ் கோர்ச்சாக் தமது அநாதை இல்லச் சிறுவரைக்கொண்டு 1942 யூலையில் இந்நாடகத்தை நடிப்பித்தார். அடுத்த திங்களில் அவரும் சிறுவரும் திரெப்ளிங்காக் கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மரணத்தின் முன்னிலையில் நிற்கும் சிறுவருக்கு இந்நாடகம் உரியதென அவர் உணர்ந்தார் போலும்.

எனினும், ஒரு குறை உண்டு. விளக்கை அணைக்குமாறு அரச வைத்தியர் கூறியபோது மாதவன் அஞ்சி வினாவுகின்றான். நம்பிக்கையற்றவனெனக் கடிந்து, தாத்தா அவனை அடக்கிவிடுகின்றார். அதன்பின் அவனுக்குப் பேச்சில்லை. சுதா கொணரும் மலரும் அவளது மறவாமையும் அமலுக்கே உரியன. மாதவனுக்கு ஆறுதல் கூறுவார் ஒருவருமிலர்.

ஞானம் இறப்பவனை அமைதியுறச் செய்யலாம். ஆயின், எஞ்சியிருப்பவனின் துயரை நம்பிக்கையின்மை எனல் பொருந்துமா? பிள்ளையை இழந்தவன் அழுதற்கு உரியவன். அவ்வுரிமையைத் தாத்தா மறுத்தபோதிலும், மாதவனின் வினாவைக் கவிஞர் நீக்கிவிடவில்லை. அதற்கு விடை கூறும் பொறுப்பு நாடகத்தைக் காண்போரைச் சார்ந்ததாகும்.