பொரியல் சாப்பிடாத பிள்ளைக்கு எது பலிக்கும்?

மூன்று வயதுப் பிள்ளை பீன்ஸ் பொரியலைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டால், பெரியவர்கள் கையில் இருக்கும் வழிகள் அதிகமில்லை. மிரட்டியோ கெஞ்சியோ ஊட்டலாம். சாப்பிட்டால் சிப்ஸ் என்று ஆசை காட்டலாம். காயை அரைத்து மாவிலோ குழம்பிலோ மறைக்கலாம். தினமும் தட்டில் கொஞ்சம் வைத்துவிட்டுப் பொறுத்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் "எங்க வீட்டுல இதுதான் பலிச்சுது" என்று சாட்சி சொல்ல ஆளிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் எது பலித்தது? இன்று நாலு வாய் உள்ளே போனதா, அல்லது பத்து வயதில் அதே பிள்ளை தானே கரண்டியை எடுத்துப் பொரியலைப் போட்டுக்கொள்கிறதா? நான் இரண்டாவதை வைத்தே எடை போடுகிறேன்.

முதலில் பிள்ளைமீது சுமத்திய பழியை இறக்கிவிட வேண்டும். சுமார் இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புது உணவைக் கண்டு ஒதுங்குவது வளர்ச்சியில் இயல்பாக வரும் கட்டம். இனிப்பை நாடுவதும் கசப்பைத் தள்ளுவதும் நாக்குக்குப் பிறவிக் குணம். கசப்பை எவ்வளவு கூர்மையாக உணர்கிறோம் என்பது மரபணுவால் ஆளுக்கு ஆள் மாறவும் செய்கிறது. பாகற்காயைத் துப்பும் பிள்ளைக்கு அடமும் இல்லை, அம்மாவின் வளர்ப்பில் கோளாறும் இல்லை.

கட்டாயப்படுத்துவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் இடம்பெற்ற குழு 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப். ஒன்றுக்கு மட்டும், குடித்து முடிக்கச் சொல்லிப் பெரியவர் ஒருவர் நினைவூட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் வற்புறுத்தல். அந்தச் சூப்பைத்தான் பிள்ளைகள் குறைவாகக் குடித்தார்கள், அதைப் பற்றித்தான் அதிகம் குறை சொன்னார்கள். நம் வீடுகளின் அதட்டலோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அதட்டல் குறைந்த வீடுகளில் அந்த இடத்துக்குச் செல்போன் வந்திருக்கிறது. திரையில் பாட்டு ஓடுகிறது. பாட்டி பருப்புச் சாதத்தில் கேரட்டை மசித்து ஊட்டுகிறார். ஸ்பூன் உதட்டில் பட்டதும் வாய் திறக்கிறது, மூடுகிறது. கண் திரையை விட்டு அசைவதே இல்லை. கிண்ணம் காலியாகிவிடுகிறது. உள்ளே போனது கேரட்டா சௌசௌவா என்று பிள்ளைக்குத் தெரியாது. வயிறு நிறைந்தது உண்மை. கேரட்டோடு அறிமுகம் நடக்கவே இல்லை என்பதும் உண்மை.

ஆசை காட்டுவது அத்தனை எளிதாகத் தீர்கிற வழக்கல்ல. இங்கே ஆய்வுகளே ஒன்றோடொன்று மோதுகின்றன. 1984இல் பர்ச்சும் சகாக்களும், கெஃபிர் என்னும் புளித்த பால் பானத்தைக் குடித்தால் சிலருக்குப் படம் காட்டினார்கள், சிலரைப் பாராட்டினார்கள். இரண்டு வகையிலும் அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்தது. கூலி கொடுத்துக் குடிக்கச் சொல்வது நல்ல பண்டமாக இருக்காது என்று பிள்ளை மனம் கணக்குப் போடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பல ஆண்டுகள் இதுவே முடிந்த முடிவாக இருந்தது. 2011இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் லூசி குக், ஜேன் வார்டில் குழு, நான்கு முதல் ஆறு வயதுவரையிலான 422 பிள்ளைகளிடம் வேறு முடிவைக் கண்டது. அவ்வளவாகப் பிடிக்காத ஒரு காயைச் சிலர் சும்மா ருசி பார்த்தார்கள். ருசி பார்த்த வேறு சிலருக்கு ஸ்டிக்கர் கிடைத்தது. இன்னும் சிலருக்குப் பாராட்டு. மூன்று குழுவிலும் விருப்பம் கூடியது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, சாப்பிடும் அளவு கூடியது நிலைத்திருந்தது ஸ்டிக்கரும் பாராட்டும் பெற்றவர்களிடம்தான்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண் பெருமளவு கரைகிறது என்பது என் எண்ணம். தானாகவே குடித்திருக்கக்கூடிய பானத்துக்குப் பரிசு கொடுத்தால் ஆசை கெடும். கிட்டவே வராத பிள்ளையை அந்த முதல் கடிக்குக் கொண்டுவர ஒரு சின்ன ஸ்டிக்கர் உதவும். அங்கே கெடுவதற்கு ஆசை என்று ஒன்று இருந்தால்தானே. ஆனால் பரிசு தின்பண்டமாக இருக்கவே கூடாது. பரிசாகக் கொடுக்கும் பண்டத்தின் மேல் பிள்ளைக்கு விருப்பம் கூடுகிறது என்று பர்ச் 1980லேயே காட்டியிருக்கிறார். "காய் சாப்பிட்டாத்தான் சிப்ஸ்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நாம் சிப்ஸைத்தான் உயர்த்தி வைக்கிறோம்.

அரைத்து மறைப்பதைச் சிலர் மோசடி என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 2011இல் பென்சில்வேனியாவில் மாரீன் ஸ்பில், பார்பரா ரோல்ஸ் குழு, பாலர் பள்ளிப் பிள்ளைகளின் உணவில் காய்களை அரைத்துக் கலந்தபோது, அவர்கள் உண்ட காயின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. தட்டின் ஓரத்தில் தனியாக வைத்த காயை வழக்கம்போல் சாப்பிட்டார்கள். அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த முறையின் பலமும் எல்லையும் இந்த ஒரே முடிவில் தெரிகின்றன: சத்து சேரும், பழக்கம் வராது. அதனால் சுரைக்காயை மைய அரைத்துச் சாம்பாரில் கரைப்பதைவிட முருங்கைக்கீரை அடையை நான் மேலாக வைக்கிறேன். அடையில் இலை பச்சையாகக் கண்ணுக்குத் தெரியும், பல்லில் படும், அந்த லேசான கசப்பும் நாக்குக்கு எட்டும். பிள்ளை அதைக் கீரை என்று தெரிந்தேதான் சாப்பிடுகிறது.

மிஞ்சுவது பொறுமை. வார்டில் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர், பிள்ளைக்குப் பிடிக்காத ஒரு காயைத் தொடர்ந்து 14 நாள் ஒரு துண்டு ருசி பார்க்கக் கொடுத்தார்கள். காயின் நன்மையை விளக்கும் தகவல் மட்டும் பெற்ற குழுவைவிட இவர்களின் பிள்ளைகளிடம் விருப்பமும் உண்ணும் அளவும் தெளிவாகக் கூடின. அதற்காக இதை அற்புதமாக்கிவிடக் கூடாது. இத்தகைய முயற்சிகள் பலவற்றைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வுகள், கிடைக்கும் கூடுதல் சிறியது என்றே சொல்கின்றன.

இதைவிடக் கனமான ஆட்சேபணை ஒன்று உண்டு. பாஸ்டன் பகுதிக் குடும்பங்களோடு பேசி சமூகவியலாளர் கெய்ட்லின் டேனியல் 2016இல் எழுதினார்: பிள்ளை ஒதுக்கிவிட்டால் உணவு வீணாகுமே என்று அஞ்சும் ஏழைப் பெற்றோர், பிள்ளை நிச்சயம் சாப்பிடுவதையே வாங்குகிறார்கள். கையில் காசில்லாதவரிடம் "திரும்பத் திரும்பக் கொடுங்கள்" என்று உபதேசிப்பது நியாயமில்லை. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பாதிப் பதில் உண்டு. பிள்ளைக்கென்று தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். பெரியவர்களுக்குச் செய்த அவரைக்காய்ப் பொரியலில் காரம் சேர்க்கும் முன் ஒரு டீஸ்பூன் எடுத்து வைத்தால் போதும். பிள்ளை தொடாவிட்டால் அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சாப்பிட்டுவிடலாம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அதே பொரியலைச் சாப்பிடுவதும் இந்த முறையில் ஒரு பாதி.

ஆகவே என் தீர்ப்பு: ருசி பார்க்க ஒரு துண்டு, திரையில்லாத தட்டு, தேவைப்பட்டால் ஒரு ஸ்டிக்கர். சத்துக் குறைவு பற்றிக் கவலை இருந்தால் அரைத்துக் கலப்பதைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், இதற்கு மாற்றாக அல்ல. எடை ஏறாத பிள்ளைக்கும், விரல்விட்டு எண்ணக்கூடிய சில உணவுகளைத் தவிர எல்லாவற்றையும் மறுக்கும் பிள்ளைக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அவர்களைக் குழந்தை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.