சோகக் கோமாளி ஆண்பால்

சந்திரபாபுவைப் பற்றி எழுதப்பட்ட எந்தக் கட்டுரையை எடுத்தாலும் மூன்று காட்சிகள் தவறாமல் வரும். சினிமா வாய்ப்புக் கிடைக்காத விரக்தியில் ஜெமினி ஸ்டூடியோவில் அவர் உயிரை விடத் துணிந்தது. மணமான கொஞ்ச நாளில், தான் வேறொருவரை விரும்புவதாக மனைவி சொன்னதும் அவரை மரியாதையாக அனுப்பிவைத்தது. கடைசியில் குடியும் கடனுமாக, 1974இல், ஐம்பது வயதை எட்டும் முன்பே இறந்தது. 1960இல் அவர் கதாநாயகனாக நடித்த படத்துக்கு ‘கவலை இல்லாத மனிதன்’ என்று பெயர் அமைந்தது எழுதுகிறவர்களுக்கு வெல்லக்கட்டி. அந்த முரணைத் தொடாமல் யாரும் கட்டுரையை முடிப்பதில்லை.

நடந்தவைதாம் எல்லாம். ஆனால் அவற்றை அடுக்கும் முறையில் ஒரு வாதம் ஒளிந்திருக்கிறது: உள்ளே அழுததால்தான் அந்த மனிதனால் வெளியே சிரிக்கவைக்க முடிந்தது. துயரம் மேதைமைக்குக் கட்டிய விலை, ஏறக்குறைய அதற்கான சான்றிதழ். இந்த வாதத்தை வாசகராக நாமும் ரசிக்கிறோம். ஒரு மனிதர் நம் கண்முன்னே உடைந்துபோனதற்கு அதில் ஓர் அர்த்தம் கிடைத்துவிடுகிறது. சரி, அந்த மனைவி? கதையில் அவர் துயரம் உள்ளே வருவதற்கான வாசற்படி மட்டும்தான். அந்தக் காலத்தில் புதுமணப் பெண் ஒருத்தி கணவனிடம் அந்த வாக்கியத்தைச் சொல்ல எத்தனை இரவு தூங்காமல் கிடந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையாளரும் கேட்டதில்லை.

1966இல் சந்திரபாபு ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்ற படத்தை இயக்கினார். அவரோடு நடித்தவர் சாவித்திரி. சாவித்திரியைச் சோக நாயகியாகவே நினைவு வைத்திருக்கிறோம். ‘மாயா பஜார்’ (1957) பார்த்தவர்களுக்கு வேறொரு சாவித்திரியைத் தெரியும். கடோத்கஜன் வத்சலாவின் உருவத்தில் வந்து கல்யாண வீட்டைக் கலங்கடிக்கும் பகுதியில், மணப்பெண்ணின் உடலுக்குள் ஓர் அரக்கனின் நடையையும் முறுக்கையும் கொண்டுவந்து வைத்தார். ரங்காராவின் தோள் அசைவு அந்த மெல்லிய பெண்ணுருவில் எட்டிப்பார்க்கும் கணத்தில் சிரிக்காதவர் இருக்க முடியாது. முதல்தர நகைச்சுவைக் கலைஞரின் வேலை அது.

அந்த 1966 படத்தில் சேர்ந்து நின்ற இருவருமே குடித்தார்கள். சொந்தமாகப் படம் எடுத்துப் பணத்தை இழந்தார்கள். ஆனால் அவருக்கு எழுதப்பட்ட கதை, உலகம் புரிந்துகொள்ளாத மேதையின் கதை. இவருக்கு எழுதப்பட்டதோ ஏமாந்த பெண்ணின் கதை. ஒரு பெண் பத்திரிகையாளர் சாவித்திரியைத் தேடிப்போவதாக அமைந்த ‘நடிகையர் திலகம்’ (2018) படமும் கடைசிவரை ஜெமினி கணேசனைத்தான் சுற்றிவருகிறது. ஆணின் குடிக்குக் காரணம் அவன் கலை, பெண்ணின் குடிக்குக் காரணம் ஓர் ஆண். இந்தப் பங்கீட்டை யார் செய்தார்கள்?

‘பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு’ என்ற பழமொழி புழங்கும் ஊரில், சிரிப்பதே குற்றம் என்றால் சிரிக்கவைப்பது எதில் சேரும்? சிரிக்கவைக்கிற பெண்ணுக்கு ஒரு மனம் இருக்கிறது, அது கனக்கவும் கூடும் என்று ஒப்புக்கொள்ளும் முன்பே அவளை ‘வாயாடி’ என்ற அறையில் பூட்டிவிடுகிறோம். வாயாடிக்கு ஏது துக்கம்?

அறிவியலை மேற்கோள் காட்டுகிறவர்கள் வழக்கமாக எடுத்துவருவது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு. 523 நகைச்சுவைக் கலைஞர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, உளப்பிறழ்வோடு தொடர்புள்ள சில ஆளுமைக்கூறுகள் அவர்களிடம் பிறரைவிடக் கூடுதலாக இருப்பதாகச் சொன்னார்கள். அது குணக்கூறுகளை அளந்த ஆய்வு. யாருக்கும் நோய் இருப்பதாகக் கண்டுபிடித்த ஆய்வு இல்லை. பத்திரிகைத் தலைப்புகளில் இந்த வித்தியாசம் காணாமல் போனது. அந்த 523 பேரில் ஆண்கள் 404, பெண்கள் 119. நால்வரில் ஒருவர்கூடப் பெண் இல்லாத கூட்டத்திலிருந்து ‘நகைச்சுவைக் கலைஞரின் மனம்’ என்று பொதுவாகப் பேச எப்படித் துணிகிறோம் என்பதுதான் எனக்கு வியப்பு.

அதே 2014 ஆகஸ்டில் அமெரிக்க நடிகர் ராபின் வில்லியம்ஸ் தற்கொலை செய்துகொண்டார். சிரிக்கவைத்தவன் உள்ளே அழுதான் என்று உலகமே எழுதித் தீர்த்தது. பிரேதப் பரிசோதனையில் அவர் மூளையை லூயி பாடி என்னும் நோய் கடுமையாக அரித்திருந்தது தெரியவந்தது. அவர் மனைவி சூசன் ஷ்னைடர் வில்லியம்ஸ் 2016இல் நரம்பியல் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். கணவருக்கு வசனம் நினைவில் நிற்காமல் போனதையும், பயமும் சந்தேகமும் மாறிமாறி வந்ததையும், எந்த மருத்துவருக்கும் காரணம் பிடிபடாததையும் மாதவாரியாகச் சொன்னார். சோகக் கோமாளி என்ற அழகான கதையை ஒரு மனைவியின் குறிப்பேடு கலைத்துப்போட்டது. கூடவே இருந்து மாத்திரை எடுத்துக்கொடுத்தவருக்குத் துயரத்தில் கவிதை தெரிவதில்லை.

நம்மிடம் டி.ஏ. மதுரம் இருந்தார். 1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் என்.எஸ். கிருஷ்ணன் கைதானபோது, நாடகக் குழுவையும் வழக்கையும் அவர் தோளில் தாங்கினார். கிருஷ்ணன் வெளியே வந்த 1947இல்தான் அவர்களுடைய நிறுவனத்தின் ‘பைத்தியக்காரன்’ படமும் வந்தது. சிறைக் கம்பிக்குப் பின்னே இருந்த கலைவாணரின் மனநிலை பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். தினமும் முகத்தில் பவுடர் பூசி மேடையேறி ஜோடியில்லாமல் சிரிப்புக் காட்டிய பெண்ணின் மனநிலை பற்றி? பெற்ற குழந்தையை இழந்த பின் தன் தங்கையையே கணவருக்கு மணமுடித்து வைத்தார் என்பதைக்கூட அவருடைய பெருந்தன்மையாகத்தான் பதிவு செய்திருக்கிறோம். ‘தியாகம்’ என்று பெயர் வைத்துவிட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை, பாருங்கள்.

மனோரமாவிடம் வரும்போது இந்த மறதி வேறு வடிவம் எடுக்கிறது. தந்தை விலகிப்போக, மன்னார்குடியை விட்டுத் தாயோடு பள்ளத்தூருக்கு வந்த சிறுமி. வீட்டுவேலை செய்து வளர்த்த தாய். பாதியில் நின்ற படிப்பு, பன்னிரண்டு வயதில் நாடகம். 1964இல் திருமணம், 1966இல் மணமுறிவு, கையில் குழந்தை. இவ்வளவையும் நாம் ‘சாதனை’ என்ற தலைப்பின்கீழ்ச் சொல்கிறோம். ஆயிரம் படங்களைத் தாண்டியவர், கின்னஸில் இடம் பெற்றவர், ஐந்து முதல்வர்களோடு நடித்தவர். எண்ணிக்கை பெருகப்பெருக மனுஷி மறைந்துபோகிறார். சந்திரபாபுவின் துயரம் அவர் கலையை விளக்குகிறது என்கிறோம். மனோரமாவின் துயரத்தை அவர் ‘தாண்டி வந்தார்’ என்கிறோம். ஆணுக்கு ஊற்று, பெண்ணுக்கு மேடு.

அப்படியானால் மனோரமாவுக்கும் சோகக் கோமாளி பட்டத்தை வாங்கிக் கொடுக்க வேண்டுமா? வேண்டாம். அந்தப் பட்டம் ஆண்களுக்கும் நல்லது செய்ததில்லை. சந்திரபாபுவுக்குத் தேவைப்பட்டது வைத்தியம், ரசிகர்களின் பெருமூச்சு அல்ல. துயரத்தைக் கலையின் ஊற்றாக்கும்போது அந்தக் கலைஞர் செய்த வேலையை மறைக்கிறோம். 1968ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ஜில் ஜில் ரமாமணி ஊர் ஊராகப் போகும் நாடகக்காரி. பகட்டும் அசட்டுத்தனமுமாக வருகிறவள். ஆனால் நாதஸ்வரக்காரரின் முகம் வாடியதை முதலில் கவனிக்கும் கண் அவளுடையது. அதே ஆண்டு ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைத் தமிழில் சொந்தக் குரலில் பாடினார் மனோரமா. பள்ளத்தூர்ப் பெண்ணுக்கு அந்தப் பேச்சு ரத்தத்தில் வந்ததா? கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. நாடகக் கம்பெனியில் இரவுக்கிரவு கூட்டத்தின் மூச்சை அளந்த பயிற்சி. மணமுறிவு இல்லாவிட்டாலும் அந்தக் காது இருந்திருக்கும். ஒருவேளை அதற்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைத்திருக்கும்.

இதையெல்லாம் நான் சினிமாவுக்காக மட்டும் சொல்லவில்லை. மசினகுடியில் பொழுது சாய்ந்தால் யானைக்குப் பயந்து ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் ஆதித்யாவோ சிரிப்பொலியோ ஓடாத வீடு குறைவு. கோவை சரளா வடிவேலுவை அடிக்கும் காட்சி வந்தால் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து பார்க்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஓர் அக்கா, ரிசார்ட்டில் அறை துடைக்கும் வேலை. யானையைக் கண்டதும் ஜீப்பில் எழுந்து நின்று கூச்சலிடும் சுற்றுலாக்காரர்களை அப்படியே நடித்துக் காட்டுவார். வேலைவிட்டு வரும் வழியெல்லாம் சிரிப்பாகவே இருக்கும். ஒரு மழைக்காலத்தில் மூன்று வாரம் அவர் வெளியே வரவில்லை. மனசு சரியில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். ‘அவளா? நல்லா நடிப்பாளே!’ என்றார்கள். தினமும் நடித்துக் காட்டியதே அவர் சொல்லை யாரும் நம்பாததற்குக் காரணமாயிற்று.

முதலில் மந்திரித்துப் பார்த்தார்கள். பிறகுதான் ஊட்டிக்குப் போனார்கள். கல்லட்டி வழியில் 36 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு நாள் சம்பளம் போச்சு, அடுத்த மாதம் மறுபடி வரச்சொன்னார்கள், மறுபடி ஒரு நாள் சம்பளம். மாத்திரை சாப்பிட்டால் அவருடைய வேடிக்கை போய்விடும் என்று பயந்தவர்களும் இருந்தார்கள். அவருக்குக் கிடைக்கும் தூக்கத்தைவிடத் தங்களுக்குப் போகும் சிரிப்புதான் பெரிதாகத் தெரிந்தது. சோகக் கோமாளிக் கதை எவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாத்திரை தொடங்கி நாலைந்து மாதம் கழித்து அந்த அக்கா ஊட்டி ஆஸ்பத்திரியின் சீட்டு கொடுக்கும் வரிசையை நடித்துக் காட்டினார். ஒவ்வொரு ஆளாக, குரல் மாற்றி, டோக்கன் கைமாறுவது முதல். ஜீப்புக்காரர்களைவிட அது நன்றாக இருந்தது.