பாண்டி பஜாரில் சித்திரை வெய்யில்

தியாகராய நகரில் பனகல் பூங்காவிலிருந்து அண்ணா சாலைப் பக்கம் செல்லும் தியாகராய சாலைக்குப் பாண்டி பஜார் என்றுதான் வழக்கில் பெயர். 2019 நவம்பரில், சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ், அங்கே அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வண்டிகளுக்கு இருந்த இடத்தை எடுத்து நடப்பவர்களுக்குக் கொடுத்தது துணிவான காரியம். மாலை ஆறு மணிக்குப் போகிறவர்கள் குறை சொல்லமாட்டார்கள். சித்திரை மாதத்தில் நண்பகலில் போய்ப் பாருங்கள். அகன்ற பாதையில் யாரும் நிதானமாக நடப்பதில்லை; ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்கு விரைகிறார்கள்.

காரணம் எளிய விஞ்ஞானம். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடலின் வெப்பம் வெளியேற வழி குறைவு என்றால், வெளியிலிருந்து வரும் வெப்பத்தைத் தடுப்பது அவசியமாகிறது. அது காற்றின் வழியாக மட்டும் வருவதில்லை. மேலிருந்து வெய்யிலாகவும், சூடேறிய கல்தரையிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத கதிர்களாகவும் வருகிறது. வானிலை நிலையத்து வெப்பமானியோ காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி செல்சியசும் நிழலில் எடுத்த கணக்குதான்!

சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அப்போது எத்தனை மாடிக் கட்டடமும் தெருவில் நடப்பவருக்கு நிழல் தராது. தலைக்கு மேலேயே ஏதாவது இருக்கவேண்டும். மயிலாப்பூரின் பழைய ஓட்டு வீடுகளில் திண்ணைக்கு மேல் கூரை தாழ்ந்து இறங்கியதன் பொருள் இதுதான்.

பாண்டி பஜார் வடிவமைப்பில் என் குறை இங்கேதான். தரைக்குக் காட்டிய அக்கறை தலைக்கு மேலே இல்லை. இன்று கிடைக்கும் நல்ல நிழல் முன் தலைமுறை வளர்த்த மரங்களின் கொடை. 2016 டிசம்பரில் வார்தா புயல் நகரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை மறக்கக்கூடாது. ஒரு மரம் போனால் அதன் நிழலை மீண்டும் பெறப் பல ஆண்டுகள் ஆகும். அடிமரம்வரை கல் பாவினால் வேருக்கு நீரும் காற்றும் எப்படிப் போகும்?

கடைகளின் குளிர்சாதனப் பொறிகள் உள்ளிருக்கும் வெப்பத்தோடு தாம் செலவிட்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து வெளியே தள்ளுகின்றன. பொருள் வாங்க வந்தவர் உள்ளே போய்த் தப்பலாம். வாசலில் நிற்கும் காவலாளியும் நடைபாதையில் பூ விற்கும் அம்மாவும் எங்கே போவார்கள்?

மரங்கள் வளரும்வரை இடைவெளிகளில் பந்தல் போடலாம். பெயர்ப்பலகை மறையுமே என்று வணிகர்கள் தயங்கக்கூடும். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஒரே நாளில் பந்தல் எழுப்பும் ஊர் இது. பலகை தெரியும் உயரத்தில் அதைக் கட்ட நம் பந்தல்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.