சீனக்குடாவின் 99 குதங்களும் ஒரு கணினி மாதிரியும்

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீட்டர் கொள்ளும். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் துணைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. குதங்களைப் பங்கு பிரிக்கலாம். வீதியும் வடிகாலும் இறங்குதுறைக்குப் போகும் குழாய்வழியும் அந்தப் பங்குக்கு அடங்கி நடக்காது.

‘பிம்’ எனப்படும் கட்டடத் தகவல் மாதிரி உதவக்கூடியது இப்படிப்பட்ட இடத்தில்தான், அதுவும் மண் வெட்டுவதற்கு முன். அத்திவாரத்தையும் குழாயையும் மின்வடத்தையும் மூன்று அலுவலகங்கள் தனித்தனியே வரைந்தால், அவை முட்டிக்கொள்ளும் இடம் கிடங்கு தோண்டிய பிறகே தெரியவரும். ஒரே மாதிரியில் ஏற்றினால் திரையிலேயே பிடிபடும். அதைவிட முக்கியம், இந்தக் குழாய் யார் பொறுப்பு, கசிந்தால் வால்வை மூடுவது யார் என்ற பேச்சைத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டிவரும். மென்பொருள் விற்பனையாளர் காட்டும் வண்ணப் படங்கள் எனக்கு இரண்டாம்பட்சம்.

ஆனால் பழைய இரும்பைப் பற்றி மாதிரிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. பல பத்தாண்டுகள் காட்டுக்குள் கிடந்த குதத்தின் வெளி உருவத்தை லேசர் வருடல் தரும். தகடு எவ்வளவு அரித்திருக்கிறது என்பதை மீயொலிக் கருவி வைத்து அளக்க வேண்டும். புதைந்த குழாயை ராடாரில் தேடி, சந்தேகமான இடத்தில் குழி வெட்டிப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் வரைந்தால், மில்லிமீட்டர் துல்லியமாகத் தெரியும் கோடும் ஊகம்தான். மங்கிப்போன பழைய வரைபடத்தை எவரும் சந்தேகத்தோடு பார்ப்பார்; திரையில் சுழலும் உருவத்தை நம்பிவிடுகிறோம். இந்த முறையின் மிகப் பெரிய ஆபத்தாக நான் கருதுவது இதைத்தான்.

விலைமனு வழக்கமும் குறுக்கே நிற்கிறது. வடிவமைப்பு முடிந்த பிறகே ஒப்பந்தகாரர் தெரிவாவதால், கிரேன் எங்கே நிற்கும் என்று சொல்லக்கூடியவர் தொடக்கக் கூட்டத்தில் இருப்பதில்லை. இந்த முறை வேறிடத்தில் விதியாகவே வந்தது: பிரித்தானியா 2016இல் மத்திய அரசுத் திட்டங்களுக்குப் பிம்மைக் கட்டாயமாக்கியது. 2018இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 19650 என்ற சர்வதேசத் தரமோ, எந்தத் தகவலை யார், எப்போது, யாருக்குத் தரவேண்டும் என்ற ஒழுங்கையே பெரிதும் பேசுகிறது. மென்பொருளை மட்டும் வாங்கி வைத்தால் அந்த ஒழுங்கு வந்துவிடாது.

(இரண்டு வகுப்பறைக் கட்டடத்துக்கு இதெல்லாம் வேண்டாம். நல்ல வரைபடமும் கைதேர்ந்த மேசனும் போதும்.)

சீனக்குடாவுக்கு மாதிரி வேண்டும். அதற்கு ஒதுக்கும் பணத்தில் முதற்பங்கு அளவைக்குப் போகட்டும். யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதிய ஒரே கோப்பில் மூன்று தரப்பும் கையொப்பமிடும்வரை விலைமனு கோரவேண்டாம்.