கம்பைலருக்குத் தெரியாத நான்காம் வேற்றுமை

சி மொழியின் பிரிண்ட்எஃப்பைத் தொடாத நிரலர் அரிது. மேற்கோளுக்குள் ‘வடிவச் சரம்’ எனப்படும் ஒரு வாசகம், இடையே விழுக்காட்டுக் குறிகள். குறியை அடுத்து ‘டி’ வந்தால் முழு எண், ‘எஸ்’ வந்தால் சரம். வாசகம் கேட்பது ஒன்று, நிரலர் கொடுப்பது வேறு என்றானால் தடுக்க வேண்டிய கட்டாயம் சி மொழிக்கு இல்லை. 2000-இல் டபிள்யூயூ-எஃப்டிபி சர்வரில் பிடிபட்ட ஓட்டையின் வேர் இதுதான்: வெளியாள் அனுப்பிய சரத்தையே வடிவச் சரமாக எடுத்துக்கொண்டது அந்த மென்பொருள்.

ஓகேமல் மொழி இதற்குத் தந்த விடை அழகானது. வடிவச் சரத்தைக் கம்பைலரே படித்து, ‘முதலில் எண், பிறகு சரம்’ என்று எதிர்பார்க்கும் சார்பின் வகையை வருவித்துவிடும். மாற்றிக் கொடுத்தால் நிரல் கம்பைல் ஆகாது. ஹாஸ்கெலின் வழக்கமான பிரிண்ட்எஃப்பில் இதே தவறு ஓடும்போதுதான் வெடிக்கும். ஆனால் ஓகேமலின் பாதுகாப்பு வகைக் கோட்பாட்டிலிருந்து தானாக விளைந்ததல்ல. வடிவச் சரங்களுக்கென்றே கம்பைலரில் செய்த தனி ஏற்பாடு. அப்படி எதுவும் இல்லாமலே இதைச் சாதிக்கலாம் என்று கணினியியல் ஆய்வாளர் ஒலிவியே டான்வி 1998-இலேயே காட்டிவிட்டார்.

இந்த மொழி சென்னைக்கு அந்நியமல்ல. 2022 டிசம்பரில் வந்த அதன் 5.0 பதிப்பின் மல்டிகோர் பணியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஐஐடி மெட்ராஸின் கே.சி.சிவராமகிருஷ்ணன். ஆகவே சாந்தோம் நிறுத்தத்துக்கு ஓர் அறிவிப்புப் பலகையை ஓகேமலில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆங்கில மூலத்தில் பேருந்துகளின் எண்ணிக்கை முன்னால், போகும் ஊர் பின்னால். தமிழில் ‘அடையாறுக்கு 3 பேருந்துகள்’ என்றுதானே எழுதுவோம்? சரம் முன்னால் வந்துவிட்டது, வகை பொருந்தவில்லை. சரியான தமிழை ஓகேமல் தள்ளிவிடும். இடங்களுக்கு வரிசை எண் கொடுத்து மாற்றும் வசதி பல சி நூலகங்களில் உண்டு. ஓகேமலின் பிரிண்ட்எஃப்பில் இல்லை.

இதைவிட மோசமானது அடுத்தது. ஆங்கில வாசகம் சேரும் ஊரை முதலிலும் புறப்படும் ஊரை அடுத்தும் கேட்கிறது. மொழிபெயர்ப்பவர் இயல்பாக ‘இலிருந்து’ முன்னும் ‘க்கு’ பின்னுமாக எழுதிவிடுகிறார். இரண்டும் சரமே என்பதால் கம்பைலருக்கு ஆட்சேபம் இல்லை. பேருந்துதான் எதிர்த்திசையில் போகிறது. நல்லதை மறுத்துக் கெட்டதை அனுமதிக்கும் சோதனையை மொழிபெயர்ப்புக்கு அரண் என்று நான் சொல்லமாட்டேன்.

போதாததற்கு உருபு. பட்டினப்பாக்கம், பட்டினப்பாக்கத்துக்கு ஆகும். பக்கத்திலேயே உள்ள சாந்தோம், சாந்தோமுக்கு. இரண்டும் மகர ஒற்றில்தான் முடிகின்றன. வெறும் சரம் என்ற வகைக்கு இந்த வேறுபாடு எட்டாது.

பதிவேட்டுச் செய்திகளுக்கும் பிழைதேடும் வரிகளுக்கும் ஓகேமலின் முறையே போதும். அங்கே அதை நான் விடமாட்டேன். மக்கள் படிக்கும் வாசகத்துக்கோ, ஒவ்வொரு மொழிக்கும் பெயரிட்ட உள்ளீடுகளோடு ஒரு சார்பு எழுதுவதே மேல்: புறப்படும் ஊருக்கு ஒரு வகை, சேரும் ஊருக்கு வேறு வகை, உருபேற்றத் தனிச் சார்பு. இதற்கும் விலை உண்டு. மொழிபெயர்ப்பு வாசகங்கள் அடங்கிய கெட்டெக்ஸ்ட் கோப்பைத் திறந்து வாசகத்தை மட்டும் திருத்தித் தரும் தமிழ்த் தன்னார்வலர், இனி ஓகேமலும் படித்தாக வேண்டும்.