லெஃப்ட் கார்டு ஏன் கிளம்பவில்லை?

திங்கட்கிழமை காலை வீடியோக்கள் எல்லாம் ஒரே அச்சில் வருகின்றன. ஆட்டத்தை நிறுத்தி, யார் கையும் படாமல் நிற்கும் லைன்பேக்கரைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போடுவார்கள். அங்கிருந்து ஓர் அம்புக்குறி நம் லெஃப்ட் கார்டுக்குப் போகும். இவர் ஏன் இன்னும் மேலே ஏறவில்லை? காலில் வேகம் இல்லை, பெஞ்சில் உட்கார வையுங்கள் என்று தீர்ப்பும் கூடவே வந்துவிடும். என்னைக் கேட்டால், நம் லைனில் இன்சைடு ஜோன் ஓட்டத்தை ஒழுங்காக ஆடுகிற ஒரே ஆள் அவர்தான்.

ஸ்னாப் ஆனதும் அவரும் சென்டரும் இடுப்போடு இடுப்பு ஒட்டி நோஸ் டாக்கிளைத் தள்ளுகிறார்கள். கைகள் நோஸ் மேல், கண்கள் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மேல். லைன்பேக்கர் எந்தப் பக்கம் அடி வைக்கிறாரோ அந்தப் பக்கத்து ஆள் ஏற வேண்டும். மற்றவர் நோஸை முழுதாக ஏற்க வேண்டும். ஏறப்போவது யார் என்று ஹடிலில் யாராலும் சொல்ல முடியாது. லைன்பேக்கரின் கால் அசையாதவரை நம் ஆள் நோஸை விடுவதில்லை. அவர் மேல் உள்ள குற்றச்சாட்டு மொத்தமும் இவ்வளவுதான்.

சீக்கிரம் கிளம்பினால் என்ன ஆகும்? இரண்டு பேர் பீரோ நகர்த்தும்போது ஒருவர் பாதியில் கையை எடுத்த கதைதான். நோஸ் டாக்கிள் சென்டரின் தோளைத் தாண்டி உள்ளே வந்துவிடுவார். ரன்னிங் பேக் பந்தை வாங்கிய இடத்திலேயே விழுவார். அடுத்து இரண்டாவது டவுன், 12 யார்டு. பாஸ்தான் வரும் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். தாமதமாகக் கிளம்பினால் லைன்பேக்கர் ஓடிவந்து 3 யார்டில் மடக்குவார். இரண்டாவது டவுன், 7 யார்டு. ஓட்டம், பிளே ஆக்‌ஷன், எதுவும் கையில் இருக்கிறது. சிவப்பு வட்டம் போடுகிறவர்கள் இந்த இரண்டு நஷ்டத்தையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள்.

இப்போதெல்லாம் இன்சைடு ஜோனோடு ஒரு குறும் பாஸும் ஒட்டிக்கொண்டே வருகிறது. பாஸ் எறியும் நேரத்தில் லைன்மேன் கோட்டைத் தாண்டி 1 யார்டுக்கு மேல் போயிருந்தால் என்எஃப்எல்லில் கொடி விழும். கல்லூரி ஆட்டத்தில் 3 யார்டு வரை விட்டுவிடுவார்கள். நம் ஆளுக்குப் பதிலாக ரசிகர்கள் கேட்கிற இளம் கார்டு அங்கிருந்து இப்போதுதான் வந்தவர். நல்ல பையன், எதிராளியை மல்லாக்கப் போடும் கிளிப்கள் ஏராளம். ஆனால் ஸ்னாப் ஆனதுமே பாய்கிறார்.

அவுட்சைடு ஜோனில் நம் ஆள் சுமார்தான். பக்கவாட்டில் ஓடிப்போய் எதிராளியின் வெளித்தோளைப் பிடிக்கும் கால் அவருக்கு இல்லை. அதைச் சொல்லித் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எதிரணிகள் இந்தக் குறையைக் கண்டுகொள்ளாமல் இருக்க மாட்டார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் எண்டுகள் இருவரையும் நம் டாக்கிள்களின் உள்தோளுக்கு நகர்த்தி, நோஸைச் சென்டருக்கு நேரே நிறுத்துவார்கள். நடுவழி அடைபடும், ஓட்டம் வெளியே சிதறும். நம் கோச்சும் டாக்கிளை உள்பக்கம் அடிக்கச் சொல்லி, கார்டை வெளியே சுற்றி ஓட வைப்பார். அதற்குத்தான் இவருக்குக் கால் போதாது. ஒரு மோசமான ஞாயிறு போதும், பெஞ்சுக்குப் போவார். பையன் வருவார், கொடிகளும் இரண்டாவது டவுன் 12 யார்டுகளும் கூடவே வரும். டிசம்பர் காற்றில் பாஸ் எடுபடாதபோது இவரையே திரும்பக் கூப்பிடுவார்கள். மார்ச்சில் ஒப்பந்தம் முடியும்போது நம் நிர்வாகம் பேரம் பேசிக்கொண்டிருக்கும். நம் டிவிஷனிலேயே ஓர் அணி இவரைக் கொத்திக்கொண்டு போகும்.