ரவுண்டானா: சிலை இருக்கு, விதி எங்கே?

விபத்து நடக்கிற எந்தச் சந்திப்பிலும் யாராவது ஒருவர் சொல்லுவார்: "இங்க ஒரு ரவுண்டானா கட்டிட்டா போதும் சார், எல்லாம் சரியாயிடும்." கீழவாஞ்சூரிலும் இதைக் கேட்டிருக்கிறேன். தெற்கே நாகூர், கிழக்கே துறைமுகம், நடுவில் ஈ.சி.ஆர். லாரிக்கும் பைக்குக்கும் நடந்து போகிறவருக்கும் அது ஒன்றுதான் ரோடு. அதனால் இந்த யோசனையை டீக்கடைப் பேச்சாக ஒதுக்காமல் கொஞ்சம் தேடிப் படித்தேன். நாம் ரவுண்டானா என்று கட்டி வைப்பது வேறு, உலகம் புகழ்கிற ரவுண்டானா வேறு என்று தோன்றுகிறது.

முதலில் அந்தப் புகழ் எதற்கு என்று பார்த்துவிடலாம். நாலு ரோடு கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகள் 32 என்று கணக்குப் போடுகிறார்கள். அதையே ஒற்றைத்தட வட்டமாக்கினால் 8. எண்ணிக்கையைவிட மோதலின் வகை மாறுவது பெரிய விஷயம். எதிரும் புதிருமாக மோதுவதும், குறுக்கே வந்து விலாவில் இடிப்பதும் கிட்டத்தட்ட இல்லாமல் போகின்றன. மிஞ்சுவது உரசல், அதுவும் மெதுவான வேகத்தில். அமெரிக்காவில் வட்டமாக மாற்றப்பட்ட இருபதுக்கு மேற்பட்ட சந்திப்புகளை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், மொத்த விபத்துகள் ஏறக்குறைய 40 சதவீதமும், காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 75 சதவீதத்துக்கு மேலும் குறைந்திருந்தன. இன்னொன்று, சிக்னலுக்குக் கரண்ட் வேண்டும், வட்டத்துக்கு வேண்டாம். கஜா புயலைப் பார்த்த கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பலனில் பெரும்பங்கு ஒரு விதியால் வருகிறது: உள்ளே சுற்றுகிறவருக்கே முன்னுரிமை, நுழைகிறவர் காத்திருக்கணும். வட்டம் பழசு. பாரிஸின் எத்துவால் சதுக்கத்தில் 1907-லேயே வண்டிகள் ஒரே திசையில் சுற்ற ஆரம்பித்துவிட்டன. விதிதான் புதுசு. பிரிட்டன் அதை 1966-ல்தான் கொண்டுவந்தது. அதுவரை வட்டங்கள் நெரிசலில் பூட்டிக்கொள்வது சகஜம்.

பிரான்சின் கதை இதில் சுவாரஸ்யமானது. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர் என்பதாலோ என்னவோ, கொஞ்சம் கூடுதலாகவே ரசித்தேன். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். வலமிருந்து வருபவருக்கு வழிவிடு என்பது பொது விதி. அப்படியானால் வட்டத்தில் யார் வலமிருந்து வருவார்? நுழைகிறவர். உள்ளே இருப்பவர் நின்று, வெளியே இருப்பவரை மேலும் மேலும் உள்ளே விடணும். ஒருத்தரும் வெளியேற முடியாமல் வட்டம் இறுகிவிடும். 1980-களில் விதியைத் திருப்பிப் போட்டார்கள். அதன்பிறகு அங்கே ரவுண்டானாக்கள் பல்லாயிரமாகப் பெருகின. 2018-ல் மஞ்சள் அங்கிப் போராட்டக்காரர்கள் நாடு முழுக்கப் போய் உட்கார்ந்ததே அவற்றில்தான். எத்துவாலில் இன்றும் பழைய விதி!

நமக்கு இந்தத் தலைவலியே இல்லை. இடப்பக்கம் ஓட்டுகிறோம், வட்டத்தைக் கடிகாரச் சுற்றில் சுற்றுகிறோம். ஆகவே வலமிருந்து வருபவருக்கு வழிவிடச் சொன்ன 1989-ன் சாலை விதியே உள்ளே சுற்றுகிறவருக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டது. சட்டத்தில் குறையில்லை. ரோட்டில்தான் மூக்கை முதலில் நுழைத்தவனுக்கு வழி, அவனையும்விடப் பெரிய வண்டி வந்தால் அதற்கு வழி.

ரவுண்டானா என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த 'ரவுண்ட் தாணா'விலிருந்து வந்ததாம். தாணா என்றால் போலீஸ் ஸ்டேஷன். சரியோ தப்போ, பொருத்தம் பிரமாதம். போலீஸ்காரர் இல்லாமல் ஓடுவதற்காகவே உள்ள ஒரு ஏற்பாடு, நம்மிடம் பேரிலேயே போலீஸோடு வந்து சேர்ந்திருக்கிறது.

நம் ஊர்களில் கட்டுகிற விதத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு சிலை, இல்லாவிட்டால் நீரூற்று. சுற்றிலும் கம்பிவேலி. செலவும் கவனமும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. உண்மையில் உயிரைக் காப்பாற்றுவது ஓரம்: நுழைவாயில் வளைந்து, வண்டி ஸ்டியரிங்கைத் திருப்பியே ஆகவேண்டும் என்ற நிலை வரணும். நேராக வருகிறவர் பிரேக்கைத் தொடாமலே நழுவிப் போக முடிந்தால் அது வட்டம் வரைந்த ஒரு சாதாரண ஜங்ஷன், அவ்வளவுதான்.

வட்டத்துக்கும் எல்லை உண்டு. எல்லாக் கிளைகளிலும் சேர்த்து மணிக்கு 3000 வண்டிவரை ஒரு ரவுண்டானா தாங்கும் என்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வழிகாட்டி சொன்ன கணக்கு. கிளைகளில் வரத்து ஓரளவு சமமாகவும், வலப்பக்கம் திரும்புகிறவர்கள் நிறையவும் இருக்கிற இடத்துக்கே அது ஏற்றது. சென்னை கத்திப்பாரா நேரு சிலை ரவுண்டானாவை எடுத்துவிட்டு 2008-ல் க்ளோவர் லீஃப் மேம்பாலம் திறந்ததில் எனக்குக் குறையில்லை. அவ்வளவு வண்டியை எந்த வட்டமும் தாங்காது. அதை வைத்து "ரவுண்டானா நம்ம ஜனங்களுக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டுவதுதான் உறுத்துகிறது. சண்டிகரில் வட்டங்களின் வாயிலிலேயே சிக்னல் வைத்திருக்கிறார்கள். நெரிசல் நேரத்துக்கு அது உதவும். ஆனால் காத்திருந்து நுழையும் பழக்கம் அதனால் யாருக்கும் வரப்போவதில்லை.

சரி, கீழவாஞ்சூருக்கு வருவோம். இங்கே வரத்து சமமில்லை. ஈ.சி.ஆரில் நேராகப் போவதுதான் அதிகம். அந்த ஓட்டம் விடாமல் சுற்றினால் பக்கத்து ரோட்டிலிருந்து வருகிறவர் நின்றுகொண்டே இருப்பார், கடைசியில் பொறுமையிழந்து பாய்வார். துறைமுகத்து டாரஸ் லாரி திரும்ப அகலம் வேண்டும். அந்த அகலத்தைக் கொடுத்தால் பைக்குகள் அதில் பறக்கும். லாரியின் பின்சக்கரம் மட்டும் ஏறிப் போகிற மாதிரி வட்டத்தைச் சுற்றித் தாழ்வான கல்விளிம்பு கட்டினால் இதைச் சமாளிக்கலாம். வெளிநாடுகளில் இது சாதாரணம். நாம் அந்த இடத்தில்தான் கம்பிவேலி போடுகிறோம்.

சிலை வைக்கிறவர்கள் மறப்பது நடக்கிறவர்களை. நுழைகிற டிரைவரின் கண் வலப்பக்கமே இருக்கும், இடப்பக்கம் ரோட்டைக் கடக்கிறவர் அதில் படமாட்டார். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ரவுண்டானா வந்த பிறகு சைக்கிள்காரர்கள் காயப்படும் விபத்துகள் கூடியதாகவே ஓர் ஆய்வு சொன்னது. காருக்குள் இருப்பவருக்குக் கிடைத்த லாபம் வெளியே இருப்பவருக்கும் தானாக வந்துவிடாது. சாயங்காலம் நாகூர்ப் பக்கமிருந்து எல்லை தாண்டி வரும் டூவீலர்களையும் இதில் சேர்க்கணும். எதற்கு வருகிறார்கள், திரும்பும்போது எப்படிப் போகிறார்கள் என்பதெல்லாம் ஊரறிந்தது.

என்னைக் கேட்டால், சின்ன வட்டம், வளைந்த நுழைவு, வாயிலிலிருந்து ஒரு கார் நீளம் தள்ளி மேடாக்கிய ஜீப்ரா கிராசிங், நடுவில் நிற்க ஒரு திட்டு. இவ்வளவும் சேர்ந்து வந்தால் ஆதரிப்பேன். வட்டம் மட்டும் வரும் என்றால் வேகத்தடையே மேல். எதற்கும் முன்னால் எந்தக் கிளையில் எத்தனை வண்டி, எத்தனை பேர் வலப்பக்கம் திரும்புகிறார்கள், எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கணும். அப்படி எண்ணுகிற நாட்களில் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு ராத்திரியும் இருக்கட்டும். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் இந்த ரோட்டோரமாகத்தான் போவார்கள்.